காட்டில் சாயும் முதல் உயிர்: கானுயிர் நோய்கள் குறித்து வாசகர் கேள்வி பதில்

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் இறந்த யானையின் உடலை அறுத்துப் பார்க்கக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. வனத்தை ஒட்டிய கால்நடை மருந்தகங்களில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். காட்டு விலங்குகளிடையே நோய் பரவினால் அரசு என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே பொருளுக்கு இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்குகிறேன்.

அறுக்காமலே அடைப்பான் என்று எப்படி முடிவுக்கு வருகிறார்கள்? உடலை அப்படியே எரித்துவிடுவது உண்மைக் காரணத்தை மறைக்க வசதியாகிவிடாதா? (கூடலூர் வாசகர்)

தங்கள் ஐயம் நியாயமானது. ஒரு யானை இறந்து கிடந்தால் முதலில் தேடப்படுபவை தந்தம், குண்டுக் காயம், மின்கம்பி பட்ட தீப்புண், அவுட்டுக்காய் என்னும் வெடி வைத்த தீனியைக் கடித்துச் சிதைந்த வாய் ஆகியவைதாம். உடற்கூறாய்வு இவற்றை வெளிக்கொணரும் என்பதால், அதைச் செய்யாமல் விட்டால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். ஆனால் அடைப்பான் கிருமிக்கென்று ஒரு குணம் உண்டு. மூடிய உடலுக்குள் இருக்கும்வரை, அழுகலை உண்டாக்கும் பிற கிருமிகளோடு போட்டியிட முடியாமல் அது பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடுகிறது. கத்தி பட்டு இரத்தம் வெளியே கொட்டி, காற்றும் பட்டுவிட்டால், தன்னைச் சுற்றிக் கெட்டியான உறையைக் கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடுகிறது. அந்த வித்து வெயிலையும் மழையையும் தாங்கி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இன்று ஓர் உடலை அறுப்பது, நம் பேரப்பிள்ளைகளின் மாடு மேயப்போகும் இடத்தில் நோயை விதைப்பதற்குச் சமம்.

நான் நேரில் பார்த்த ஒரு யானையைச் சொல்கிறேன். ஓடையோரம் ஒருக்களித்துக் கிடந்த பெண் யானை அது. இறந்து அரை நாள்கூட ஆகியிருக்காது, ஆனால் வயிறு அளவுக்கு மீறி ஊதியிருந்தது; கால்கள் விறைக்க வேண்டிய அளவுக்கு விறைக்கவில்லை; தும்பிக்கை நுனியிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் தார் போன்ற கறுத்த இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டிருந்தது. எங்களை அழைத்துவந்த வேட்டைத் தடுப்புக் காவலர் பழகிய கையால் அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிடப் போனார்; அவரைத் தடுத்து நிறுத்துவதே அன்று என் முதல் வேலையாக இருந்தது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காது மடலின் நுனி இரத்தக்குழாயில் ஊசி செலுத்தி, ஒரே ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டு, ஊசி குத்திய இடத்தைக் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடைத்தோம். மருந்தகத்துக்கு வந்து மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, முனை மழுங்க வெட்டிய மூங்கில் கழிகளை வரிசையாக அடுக்கியது போல நீலக் கோல்களும், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் உறையும் தெரிந்தன. நோயை அறிய அந்தச் சொட்டு போதும். அதை ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும் என்பது அடுத்த படி.

குண்டு பாய்ந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் உடலைக் கீறாமலே உலோகம் கண்டறியும் கருவியால் பார்த்துவிடலாம். வெளிக்காயங்களைப் படமெடுத்து வைக்கலாம். இவற்றையும் ஆய்வக முடிவையும் வனத்துறை தானாக முன்வந்து வெளியிட்டால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. வாயை மூடிக்கொள்வதால் பீதி குறைந்து நான் பார்த்ததில்லை.

அரசின் வேலை உடலை அகற்றியதும் முடிந்துவிடுவதில்லை. ஒரு யானையை முழுதாக எரிக்க டன் கணக்கில் விறகு வேண்டும். அதை மலைச்சரிவில் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்க ஆளும் வண்டியும் பணமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்டுவதே நம் பக்கத்து வழக்கம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலோ சுண்ணாம்பைப் பரிந்துரைப்பதில்லை. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் வித்துகளின் ஆயுளைக் கூட்டக்கூடும் என்பது அதற்கான காரணம். ஆகவே எரிப்பதே நல்லது. இரத்தம் சிந்திய மண்ணையும் சேர்த்தே எரிக்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களின் மாடு, ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்த மருந்து நம் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், யானை இறந்த பிறகு ஊசிப்பெட்டியைத் தூக்குவது எப்போதுமே சற்றுத் தாமதந்தான்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக மாட்டுப்பட்டி போட்டுக் காட்டில் மேய்ப்பவர்கள். காட்டுக்கு நோய் கொண்டுவருபவர்கள் என்று எங்களையே குற்றம் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டா? (பர்கூர் மலையிலிருந்து ஒருவர்)

ஐயா, உண்மை உண்டு. ஆனால் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பெரும் அநீதி.

மாட்டிலிருந்து காட்டுக்கு நோய் போகும் என்பதற்கு மாடுகளைக் கொல்லும் வெக்கை (ரிண்டர்பெஸ்ட்) நோயைவிடப் பெரிய சான்று இல்லை. 1968-ல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் வெக்கை புகுந்தபோது காட்டு மாடுகள், அதாவது நம் பக்கத்தில் காட்டெருமை என்று சொல்லப்படுபவை, கிட்டத்தட்ட முற்றிலும் அழிந்தன. இன்று மசினகுடிச் சாலையில் கூட்டமாகக் கடந்துபோகும் அந்த விலங்குகளைப் பார்க்கிறவர்களுக்கு, அவை ஒரு காலத்தில் இல்லாமலே போயிருக்கும் என்ற எண்ணம் வராது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியிலும் இதே கதைதான். அங்கே காட்டு விலங்குகளுக்கு ஊசி போட யாராலும் முடியவில்லை. சுற்றியுள்ள மேய்ச்சல்காரர்களின் மாடுகளுக்குத்தான் போட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை இலட்சமாக இருந்த வைல்டுபீஸ்டு மான்கள், மாடுகளிடம் நோய் அடங்கிய பிறகு பத்து இலட்சத்தைத் தாண்டின.

இந்தியாவில் கடைசி வெக்கை 1995-ல் கண்டது. நாடு அந்நோயிலிருந்து முழுமையாக விடுபட்டதாக 2006-ல் உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. உலகிலேயே கடைசியாக 2001-ல் அது பதிவானது கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஓர் ஆப்பிரிக்க எருமையிடம். 2011-ல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது. இந்தச் சாதனையில் பெரும்பங்கு, பட்டிதோறும் நடந்துபோய் ஊசி போட்ட கால்நடை ஆய்வாளர்களுக்கும், விடியற்காலையில் மாட்டைப் பிடித்துக் கொடுத்த உங்களைப் போன்றவர்களுக்கும் உரியது. ஒரு கொடிய நோயிலிருந்து காட்டைக் காத்தது பட்டியில் போட்ட ஊசி. காட்டுக்கு நீங்கள் செய்த அந்த உதவியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு, சரணாலயத்துக்கு உள்ளேயும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை என்கிறது. அதே பிரிவு, ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் மேய்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். முதல் பாதியைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. உங்கள் பகுதிக்கு அருகிலேயே 2024-ல் தந்தை பெரியார் வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கோமாரி, தொண்டை அடைப்பான் ஊசிகளை ஆண்டுதோறும் மலைக்கே கொண்டுவந்து போட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள். அது சலுகை அன்று, சட்டத்தில் உள்ளது. காட்டில் ஒரு கடமான் நுரை தள்ளி நிற்பதையோ கழுகுகள் வட்டமிடுவதையோ முதலில் காண்பவர்களும் நீங்கள்தாம். மேய்ப்பவரைப் பகைத்துக்கொண்டு எந்த வனத்துறையும் நோயை நேரத்தில் அறிய முடியாது.

2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்ததைத் தடுத்திருக்க முடியுமா? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

அந்த ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் கிர் கிழக்குப் பிரிவு, தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. முதல் சில உடல்கள் கிடைத்தபோது சிங்கங்கள் தமக்குள் சண்டையிட்டு இறந்தன என்றே அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். எண்ணிக்கை ஏற ஏறத்தான் மாதிரிகள் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குப் போயின; கேனைன் டிஸ்டெம்பர் என்னும் நாய்களைத் தாக்கும் வைரஸ் கண்டறியப்பட்டது. கூடவே உண்ணி மூலம் பரவும் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணியும் பல சிங்கங்களிடம் இருந்தது.

அதன் பிறகு நடந்தவை வேகமாகவே நடந்தன. அருகிலிருந்த சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து 300 தடுப்பூசிகளைத் தருவித்துப் போட்டார்கள். சுற்றுவட்டாரத்து நாய்களுக்கும் கால்நடைகளுக்கும் ஊசி போடப்பட்டது. நோய் அந்தச் சரகத்தோடு நின்றது. களத்தில் இரவு பகலாக நின்றவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தாங்கள் கேட்பது தடுத்திருக்க முடியுமா என்பது.

இதே வைரஸ் 1994-ல் செரெங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்களைக் கொன்றிருந்தது. அங்கிருந்தவற்றில் அது மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பேரழிவைப் பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்த செய்தி இன்னும் முக்கியமானது. கடும் வறட்சியால் மெலிந்த எருமைகள் மீது உண்ணிகள் மொய்த்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களிடம் பபேசியா பெருகியது. அதே சமயத்தில் டிஸ்டெம்பர் வந்து நோய் எதிர்ப்பைத் தகர்த்தது. தனியாக வந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய இரண்டு நோய்கள் சேர்ந்து வந்ததால் கொன்றன. கிர் காட்டில் கண்டதும் அதே இணைதான். பத்து ஆண்டுகளுக்கு முன்பே உலகம் கற்ற பாடம் நம் காப்பகங்களின் தயார்நிலைத் திட்டத்துக்குள் வந்துசேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

மேலும், ஆசிய சிங்கங்கள் அனைத்தும் ஒரே பகுதியில் இருப்பதால் ஒரு தொற்று போதும் என்ற அச்சத்தை முன்னிட்டு, அவற்றில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருந்தது. அது நிறைவேறவில்லை, குனோவில் 2022 முதல் சிவிங்கிப்புலிகள் எனப்படும் சீட்டாக்கள் இருக்கின்றன. கிர் காட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பர்டா சரணாலயத்தில் இப்போது சில சிங்கங்கள் குடியேறியுள்ளன. 2025 கணக்கெடுப்பில் சிங்கங்கள் 891 ஆக உயர்ந்திருப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. நோய் பார்ப்பவன் கண்ணுக்கு அது ஒரே மாநிலத்தில் நெருங்கி வாழும் 891 உயிர்களாகவும் தெரிகிறது. 2025 மார்ச்சில் ஜுனாகட்டில் கானுயிர்களுக்கான தேசிய மேற்சிகிச்சை மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழுவதோடு, அங்கே நோயியல் படித்தவர்கள் நிரந்தரப் பணியில் அமர்த்தப்படுகிறார்களா என்பதையும் தங்களைப் போன்ற மாணவர்கள் கவனித்து வர வேண்டும். வனத்துறையில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் கால்நடைத் துறையிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். காட்டு விலங்கின் உடம்பு பழகிய நேரத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஊர் நாய்களுக்கு ஊசி போட்டால் மட்டும் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடத்தான் வேண்டும், ஆனால் போதாது. செரெங்கெட்டியில் பல ஆண்டுகள் நாய்களுக்குப் போட்ட பின்னும் சிங்கங்களிடம் அந்த வைரஸ் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது. நரி, கழுதைப்புலி போன்ற பிற விலங்குகளும் அதைச் சுமக்கின்றன.

ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பறவைகள் கொத்துக்கொத்தாக இறந்தது நினைவிருக்கிறதா? அது பறவைக் காய்ச்சலா, நஞ்சா? (சென்னை வாசகர்)

நினைவிருக்கிறது; மறக்க முடியாது. 2019 நவம்பரில் அந்த உப்பு ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் பறவைக் காய்ச்சல் இல்லை என்றது. பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் போட்டுலிசம் என்று கண்டறிந்தது. ஒருவகையில் தாங்கள் சொன்ன இரண்டாவதுதான்: நஞ்சு, ஆனால் மனிதர் கலந்த நஞ்சன்று, காற்றில்லாச் சேற்றில் வாழும் ஒரு கிருமி சுரக்கும் நஞ்சு.

அந்நோய் கண்ட வாத்தைப் பார்க்க நேர்ந்தால் நெஞ்சு பொறுக்காது. முதலில் இறக்கை தரையில் இழுபடும். பறக்க எழும்பி விழும். பிறகு கால் வராது. இமை பாதி மூடிக் கிடக்க, உணர்வு முழுதும் இருக்கும்போதே கழுத்து துவண்டு தலை தண்ணீருக்குள் சாய்ந்துவிடும். பல பறவைகள் நஞ்சால் சாவதற்கு முன்பே, முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில் மூழ்கிச் சாகின்றன.

இந்த நோயில் அரசின் வேகம் ஏன் மருந்தைவிட முக்கியமானது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இறந்த பறவையின் உடலில் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். ஈக்கள் முட்டையிட்டுப் புழுக்கள் வரும். அந்தப் புழுக்களை நஞ்சு ஒன்றும் செய்யாது, ஆனால் அவை தம் உடலில் அதைச் சேர்த்துக்கொள்ளும். பசியோடு வரும் அடுத்த பறவை அப்புழுக்களைக் கொத்தித் தின்று விழும். அதன் உடலில் மறுபடியும் புழு. ஒரு பிணம் பல பிணங்களை உண்டாக்கும் சக்கரம் இது. ஆகவே உடல்களை உடனுக்குடன் பொறுக்கி எரிப்பதும் புதைப்பதுமே இங்கே சிகிச்சை. ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. எந்த நோயாக இருந்தாலும் பிணத்தை அகற்றுவது தவறாகாது. ஆனால் பறவைகள் கூட்டமாக இறப்பது தெரியவந்து நோய் இன்னதென்று உறுதியாக ஏறத்தாழ பத்து நாட்கள் கழிந்தன; பேரிடர் மீட்புப் படையினரும் தன்னார்வலர்களும் பெருமளவில் இறங்குவதற்குள் சக்கரம் பலமுறை சுற்றிவிட்டது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. ஏரி ஒரு துறையின் கையில், பறவை வேறொரு துறையின் கையில், மருத்துவர் மூன்றாவது துறையில். யார் முதலில் சேற்றில் இறங்குவது என்பது எழுதி வைக்கப்படவில்லை. பிணம் விழுந்த பிறகு கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் விஷயமா அது?

வரித்தலை வாத்துகள் இமயம் தாண்டி எங்கள் ஊருக்கு வருகின்றன. பறவைக் காய்ச்சலை அவை கொண்டுவருமோ என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். (கூந்தன்குளம் அருகிலிருந்து)

இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணையில் 2020 டிசம்பர் இறுதியில் தொடங்கிச் சுமார் 5,000 பறவைகள், பெரும்பாலும் இதே வரித்தலை வாத்துகள், எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸால் இறந்தன என்பது உண்மை. அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் அதற்கு மருந்து பறவைகளை விரட்டுவதோ கூடுள்ள மரத்தை வெட்டுவதோ ஆகாது. விரட்டப்பட்ட பறவை நோயையும் சுமந்துகொண்டு அடுத்த குளத்துக்குப் போகும் என்பதால்தான் காட்டுப் பறவைகளைக் கொல்ல வேண்டாம் என்று உலக அமைப்புகள் ஒரே குரலில் சொல்கின்றன. பண்ணைக் கோழிகளிடம் நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அவற்றை அழிப்பதும் பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நம் நாட்டு நடைமுறை.

பறவைகளைப் பிள்ளைகளைப் போலக் காத்துவரும் ஊர் உங்களுடையது. வீட்டுக் கோழியையும் வாத்தையும் குளத்தில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த பறவையை வெறுங்கையால் எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் எச்ச மாதிரிகளை எடுத்துப் பரிசோதிக்கிறார்களா, முடிவு என்ன என்று கேட்கும் உரிமை உங்கள் ஊராட்சிக்கு உண்டு.

காட்டுப்பன்றிகள் சாகின்றன என்றார்கள். அந்த நோய் நமக்கு ஒட்டுமா? (மசினகுடி வாசகர்)

ஒட்டாது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகளைக் கொன்றது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது பன்றி இனத்தை மட்டுமே தாக்கும். ஆனால் இறைச்சியிலும் காலணி மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் அது ஊர்விட்டு ஊர் போகும். 2020-ல் அஸ்ஸாமில் முதலில் கண்ட நோய் மூன்றே ஆண்டில் நீலகிரிக்கு வந்துவிட்டது. இன்றுவரை நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி கிடையாது. வளர்ப்புப் பன்றிக்கு உணவகக் கழிவை வேகவைக்காமல் போடாதீர்கள்.

எங்கள் எஸ்டேட் ஓரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள். தேயிலை பறிக்கப் போகவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (பந்தலூரிலிருந்து ஒரு தொழிலாளி)

அம்மா, இந்தக் காய்ச்சலும் செய்தித்தாளில் வந்த குரங்கு அம்மையும் வேறு வேறு. கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் மரத்திலிருந்து பொத்துப்பொத்தென்று விழுந்து இறந்தபோது கண்டறியப்பட்ட நோய் இது. 2012-13 வாக்கில் பந்திப்பூரிலும் நம் நீலகிரியிலும் இறந்த குரங்குகளிடம் இதே வைரஸ் காணப்பட்டது. பிறகு வயநாட்டில் மனிதர்களுக்கும் வந்தது. காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கக்கூடும் என்பதால் உங்கள் பயத்தை அலட்சியம் செய்ய மாட்டேன்.

இதைப் பரப்புவது குரங்கின் மேலிருக்கும் உண்ணி. உடல் ஆறத் தொடங்கியதும் உண்ணிகள் இறங்கி, சுற்றியுள்ள சருகில் அடுத்த உயிருக்காகக் காத்திருக்கும். கடுகளவுகூட இல்லாத இளம் உண்ணியே மனிதரை அதிகம் கடிப்பது. அதனால்தான் குரங்கு விழுந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்கு மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லித் தூள் தூவ வேண்டும் என்று விதி இருக்கிறது. நவம்பர் முதல் மே வரை, அதாவது காடு காய்ந்திருக்கும் மாதங்களில், ஒரு குரங்குச் சாவுகூடத் தப்பாமல் பதிவாக வேண்டும். முன்பு போட்டுவந்த தடுப்பூசி போதிய பலன் தரவில்லை என்பதால் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய ஊசி வரும்வரை, குரங்கு செத்த செய்தி எவ்வளவு விரைவில் வந்துசேர்கிறது என்பதுதான் உங்களுக்குள்ள காப்பு.

என் பணிக்காலத்தில் ஒருமுறை, இப்படி இறந்த ஒரு குரங்கின் மாதிரியைத் தெர்மாஸ் குடுவையில் ஐஸ் போட்டு, பேருந்து நடத்துநர் ஒருவரைக் கெஞ்சிக் கொடுத்தனுப்பினேன். அலுவலகத்துக்கு வண்டி இல்லை. கூரியர் செலவுக்கு அனுமதி வரவில்லை. வழியில் இரண்டு பேருந்து மாறி, மூன்றாம் நாள் ஆய்வகம் சேர்ந்தபோது ஐஸ் முழுவதும் உருகியிருந்தது. மாதிரி கெட்டுவிட்டதால் சோதிக்க இயலவில்லை என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அந்தக் குரங்கு எதனால் இறந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தச் சரிவில் அடுத்த நாளே பெண்கள் விறகு பொறுக்கப் போனார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குரங்கின் அருகே போகாதீர்கள். தள்ளி நின்று இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வனக்காப்பாளரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், இரண்டு இடத்திலும், அன்றே சொல்லுங்கள். கால்நடைத் துறையின் 1962 எண்ணுக்கும் அழைக்கலாம். தூள் தூவி முடிக்கும்வரை அந்தப் பாத்தியில் வேலை கொடுக்க வேண்டாம் என்று எஸ்டேட் மேற்பார்வையாளரிடம் கூட்டாகப் போய்க் கேளுங்கள். வேலைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டு, சுகாதார நிலையத்தில் உண்ணி விரட்டும் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் துணியை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் யாருக்காவது திடீரென்று கடுங்காய்ச்சலும் உடம்பு வலியும் கண்டால், மருத்துவர் கேட்காவிட்டாலும், குரங்கு செத்துக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.